கன்டோனீஸில் முழுமூச்சு உழைப்பைக் குறிக்கும் வழக்குகள்: கேள்வி பதில்

கேள்வி: ஹாங்காங்கில் பேசப்படும் சீன மொழியான கன்டோனீஸில் என் ஹாங்காங் நண்பர்கள் எதற்கெடுத்தாலும் ‘பொக் மெங்’ என்கிறார்களே, உயிரைப் பணயம் வைப்பதையா சொல்கிறார்கள்?

பதில்: நேர்ப்பொருள் அதுவே. ‘பொக்’ என்பது துணிந்து மோதிப் பார்ப்பது. ‘மெங்’ என்பது உயிர். ஆயினும் அன்றாடப் பேச்சில் அது வினைக்கு முன்னால் நின்று, அந்த வினை எவ்வளவு தீவிரமாக நடக்கிறது என்பதைக் காட்டும் அடையாகவே பெரும்பாலும் வழங்குகிறது. தேர்வுக்கு இரவு பகலாகப் படிப்பவரையும், பதில் வரும்வரை விடாமல் தொலைபேசியில் அழைப்பவரையும், விருந்தில் வயிறு முட்ட உண்பவரையும் அந்த ஒரே சொல்லால் குறிக்கலாம். ஆகவே அதைக் கேட்டுப் பதற வேண்டியதில்லை.

கேள்வி: ‘பொக் ஜொன்’ என்பதும் அதுதானா?

பதில்: இல்லை. ‘ஜொன்’ என்றால் தீரும்வரை. கையிலுள்ள ஆற்றல் முழுவதையும் செலவிட்டுவிட்டேன் என்னும் நிறைவு இதில் உண்டு என்பதால், தோற்ற விளையாட்டு வீரரும் இதைத் தலைநிமிர்ந்து சொல்லலாம். எனக்கு மிகவும் பிடித்த வழக்கும் இதுவே. மேடைப் பேச்சிலும் செய்தித்தாளிலும், போராடி உழைப்பது என்னும் பொருளுடைய ‘பிங் பொக்’ பொருந்தும்.

கேள்வி: என் மேலாளரிடம் எதைச் சொல்வது, ஐயா?

பதில்: ‘லோக் ஜுக் சாம் கேய்’ என்று சொல்லுங்கள். மனத்தையும் கவனத்தையும் முழுமையாக இட்டுச் செய்தேன் என்பது அதன் பொருள். ‘ஸேய் ஜோவ் லான் ஜோவ்’ என்பதைத் தவிர்த்துவிடுங்கள். செத்துப் பிழைத்து, உடல் நைந்துபோக உழைத்தேன் என்னும் மனக்குறை அதில் ஒலிப்பதால், நெருங்கிய நண்பர்களிடையேதான் அது தகும்.

கேள்வி: ‘கா யௌ’ எப்போது?

பதில்: பிறரை ஊக்கும்போது. ‘எண்ணெய் ஊற்று’ என்னும் நேர்ப்பொருளுடைய இச்சொல் சீனாவின் பொது மொழியான மாண்டரினிலும் உண்டு. இதன் நேர் ஆங்கில வடிவமான ‘ஆட் ஆயில்’ (add oil) ஹாங்காங் ஆங்கிலத்தில் வேரூன்றி, 2018-இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியிலும் இடம்பெற்றது. விளையாட்டுத் திடலிலும் தேர்வு நாளிலும் தயங்காமல் சொல்லலாம். ஆனால் நெடுநாள் உழைத்துக் களைத்தவரிடம் இதை மட்டும் சொல்லி நகர்ந்துவிடாமல், அவர் பட்ட பாட்டை முதலில் கேட்டறிவதே முறை.

கேள்வி: ஒன்பது எருது, இரண்டு புலி என்று ஒரு தொடர் உண்டாமே?

பதில்: உண்டு. ஒன்பது எருதுகள், இரண்டு புலிகளின் வலிமையையெல்லாம் செலவிட்டேன் என்பது சீன மொழிகளுக்குப் பொதுவான இலக்கியத் தொடர். பெரும்பாடுபட்டு ஒரு செயலை முடித்த பிறகு, அந்தப் பாட்டை விவரிக்கவே இது பெரிதும் பயன்படுகிறது. இனி உழைக்கப்போவதைச் சொல்ல ‘பொக்’ குடும்பத்துச் சொற்களே இயல்பானவை.