நாரை வயித்துல வர்ற வயல்

கேள்வி: பையன் பத்தாவது படிக்கிறான். சூழ்நிலை மண்டலம்னா என்ன, அதோட கூறுகள் என்னன்னு ஒரு பக்கத்த அப்படியே மனப்பாடம் பண்றான், அர்த்தம் கேட்டா முழிக்கிறான். எனக்கும் சொல்லித்தர தெரியல. புரியற மாதிரி சொல்லுங்களேன்.
- ஒரு வாசகி, மதுராந்தகம்

பதில்: உங்க ஊர் பக்கத்துலயே வேடந்தாங்கல் இருக்கே, புத்தகத்த மூடி வச்சிட்டு பையன அங்க கூட்டிட்டுப் போங்க. மொத்தமே சுமார் 30 ஹெக்டேர் ஏரிதான், ஆனா அவன் மனப்பாடம் பண்றது அத்தனையும் அங்க உசுரோட இருக்கு.

ஒரு இடத்துல இருக்குற உயிருங்களும் உயிரில்லாததும் ஒண்ண ஒண்ணு சார்ந்து இயங்குற ஏற்பாடுதான் சூழ்நிலை மண்டலம். தண்ணி, சேறு, வெயில், காத்து எல்லாம் உயிரற்ற கூறு. பாசி, நீர்ச்செடி, தண்ணிக்குள்ளயே நிக்கிற நீர்க்கடம்பு மரம் இதெல்லாம் வெயில வச்சு தன் சாப்பாட்ட தானே செஞ்சுக்குது, அதான் உற்பத்தியாளர். செடியத் தின்ற நத்தையும் அந்த நத்தையத் தின்ற நாரையும் நுகர்வோர். நத்தை குத்தி நாரைய பைனாகுலர்ல பாக்கச் சொல்லுங்க, அலக மூடியிருந்தாலும் நடுவுல சந்து தெரியும், அலகு நுனிய ஓட்டுக்குள்ள விட்டு சதைய உருவி எடுத்துடும்.

அப்புறம் மரத்தப் பாருங்க, இலையெல்லாம் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்கும். அவ்ளோவும் எச்சம். அது தண்ணில விழுந்ததும் பாக்டீரியாங்க சிதைச்சு தழைச்சத்தா மாத்திடுது (இதுங்கதான் சிதைப்பவை), பாசி அத எடுத்து வளருது, ஏரித்தண்ணி பாயுற வயல்ல நெல்லும் எடுத்துக்குது. இந்தத் தண்ணி பாஞ்சா உரம் கம்மியா போட்டா போதும்னு அந்த ஊர் விவசாயிங்களுக்கு தலைமுறை தலைமுறையா தெரியும். வெள்ளைக்காரன் காலத்துல சிப்பாய்ங்க பறவைங்கள சுட்டப்போ ஊர்க்காரங்க செங்கல்பட்டு கலெக்டர்கிட்ட முறையிட்டு 1798லயே பாதுகாப்பு உத்தரவு வாங்கிட்டாங்க. இங்கிலாந்து தாவரவியல் அறிஞர் டான்ஸ்லி சூழ்நிலை மண்டலத்துக்கான 'ecosystem'ங்குற இங்கிலீஷ் வார்த்தைய எழுதினதே 1935லதான், நினைச்சா எனக்கு இப்பவும் புல்லரிக்குது.

ஒண்ணு கவனிங்க, சத்துதான் இப்படி சுத்திச் சுத்தி வரும், ஆற்றல் திரும்பி வராது. ஒவ்வொரு படிக்கும் சுமார் 10 சதவீதம்தான் மேல போகும், மிச்சம் மூச்சு விடறதுலயும் ஓடியாடறதுலயும் சூடா வெளிய போயிடும். பாசில 1000 பங்குன்னா நத்தைக்கு 100, நாரைக்கு 10. அதான் வெயில் தினமும் புதுசா வேணும்.

சரி, இந்த மண்டலம் ஏரிக்கரையோட முடிஞ்சிடுதான்னா, இல்லீங்க. பறவைங்க இங்க வர்றது கூடு கட்டத்தான், இரைக்கு நிறைய நேரம் சுத்துப்பட்டு ஏரிக்கும் வயலுக்கும் போயிடும், அங்க தின்னுட்டு இங்க வந்து எச்சம் போடும், அப்போ எங்கயோ இருந்த சத்து இந்த ஏரில வந்து சேருது, அதே மாதிரி பக்கத்து வயல்ல கண்டபடி பூச்சிமருந்து அடிச்சா அதுவும் இங்க கூட்டுல இருக்குற குஞ்சு வாய்க்கு வந்துடும்.

டிசம்பர், ஜனவரில போங்க. சாயங்காலம் 5 மணி வாக்குல கரைல நின்னா மேயப்போனதெல்லாம் கூட்டங்கூட்டமா திரும்பும். அப்போ பையன்கிட்ட கேளுங்க, இதுங்க வயித்துல இன்னிக்கு எந்த ஊர் வயல் வருதுன்னு.