பதில்: ஆம்பளைங்க ஒரு தடவை வந்துட்டு திரும்ப வர்றதே இல்ல, என்ன பண்றது?

வணக்கங்க. சின்ன வயசுல பாலியல் கொடுமைக்கு ஆளான ஆம்பளைங்க உங்க கவுன்சிலிங் சென்டருக்கு ஒரே தடவை வந்துட்டு நின்னுடுறாங்கன்னு கேட்டிருந்தீங்க. நானும் அப்படி ஒருத்தன்தான், இப்போ இதே வேலையில இருக்கேன்.

மொதல்ல உங்க ஃபார்மை எடுத்துப் பாருங்க. நான் போன இடத்துல 'கணவர் பெயர்'னு இருந்துச்சு, அங்க உக்காந்திருந்த அக்கா அதை பேனாவால அடிச்சுட்டு எல்லார் முன்னாடியும் 'என்ன பிரச்சனை தம்பி'ன்னு சத்தமா கேட்டாங்க, தூக்கம் வரலைன்னு சொல்லிட்டு வந்துட்டேன். நெறைய பேரு தூக்கம், குடி, கோவம்னுதான் வருவாங்க, உள்ள இருக்கறது மெதுவாதான் வரும், தோண்டாதீங்க. கவுன்சிலர் ஆணா பெண்ணான்னு அவங்களையே கேளுங்க, செஞ்சவன் ஆம்பளையா இருந்தா இன்னொரு ஆம்பளையோட மூடின ரூம்ல உக்காந்தாலே சிலருக்கு மூச்சு முட்டும். அப்புறம் முக்கியமா, அந்த நேரத்துல உடம்பு தானா ரியாக்ட் பண்றது சம்மதம் இல்லன்னு அவங்க கேக்காமலே சொல்லிடுங்க, பலபேரு வருஷக்கணக்கா வாயைத் திறக்காததுக்கு இதுவும் ஒரு காரணம்.

சட்டம்னா, 18 வயசுக்குக் கீழ உள்ளவங்களை பாலியல் கொடுமையில இருந்து காக்கற போக்சோ சட்டம் ஆம்பளைப் பசங்களுக்கும் உண்டு, ஆனா 2012 நவம்பர் 14ல இருந்து நடந்ததுக்குத்தான். அதுக்கு முன்னாடின்னா பழைய இந்திய தண்டனைச் சட்டத்தோட 377வது பிரிவு, வக்கீல்கிட்ட கேட்டுக்கோங்க, கேஸ் போடுன்னு அழுத்த வேணாம். வந்தது 18 வயசுக்குக் கீழ உள்ள பையன்னா புகார் சொல்லியே ஆகணும், அதை அவன் பேச ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க. ராத்திரிக்கு அரசாங்கத்தோட மனநல உதவி லைன் டெலி மானஸ் 14416 நம்பரை எழுதிக் குடுங்க, 24 மணி நேரமும் இருக்கு, தமிழ்லயும் பேசலாம்.