குழந்தைகளின் மனநலக் கோளாறுகளை ஏன் தனியாக ஆராய்கிறார்கள்?

பெரியவர்களின் மனநலக் கோளாறுகளைப் பற்றி இவ்வளவு தெரிந்திருக்கும்போது, குழந்தைகளுக்கும் பதின்வயதினருக்கும் தனிப் படிப்பு எதற்கு? அப்பாவின் சட்டையை மடித்துத் தைத்தால் பிள்ளையின் சட்டை ஆகிவிடாது. தோள் இறங்கும், கழுத்து தொங்கும். இங்கேயும் அதே கதைதான்.

'இந்த வயதுக்கு எது இயல்பு?' என்ற கேள்வியிலிருந்து தொடங்கும் துறை இது. ஒரு வயதில் அம்மாவைப் பிரிந்தால் அழுவது இயல்பான வளர்ச்சி. பத்து வயதில் அதே பயத்தால் வாரக்கணக்கில் பள்ளிக்கே போக முடியவில்லை என்றால் கவனிக்க வேண்டும். நடத்தை ஒன்றுதான், வயது மாறியதும் அர்த்தம் மாறிவிடுகிறது. மனச்சோர்வும் அப்படித்தான். பெரியவரிடம் சோகமாகத் தெரிவது, பிள்ளைகளிடம் எரிச்சலாகவோ காரணம் புரியாத வயிற்றுவலியாகவோ வரலாம்.

அப்புறம், ஆறு வயதுக் குழந்தை "எனக்குப் பதற்றமாக இருக்கிறது" என்று வந்து சொல்லாது. சுற்றியிருப்பவர்களைத்தான் கேட்க வேண்டும். 1960களில் இங்கிலாந்தின் வைட் தீவில் மனநல மருத்துவர் மைக்கேல் ரட்டர் குழுவினர் 10, 11 வயதுப் பிள்ளைகளை ஆராய்ந்தபோது பெற்றோர், ஆசிரியர் இரு தரப்பிடமும் கேட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், பிரச்சினை இருப்பதாகப் பெற்றோர் சுட்டிய பிள்ளைகளும் ஆசிரியர் சுட்டிய பிள்ளைகளும் பெரும்பாலும் வேறு வேறு! ஒருவர் சொல்வதை மட்டும் வைத்து முடிவெடுப்பது எவ்வளவு ஆபத்து, பாருங்கள்.

"வளர்ந்தால் தானாகச் சரியாகிவிடும்" என்று பலர் நினைக்கிறார்கள். சில பிரச்சினைகள் சரியாகும்தான். ஆனால் வாழ்நாளில் வரும் மனநலக் கோளாறுகளில் ஏறக்குறைய பாதி 14 வயதுக்குள்ளேயே தலைகாட்டிவிடுகின்றன.