கடைமடைக்கும் முறை வரும்

கேள்வி: அமெரிக்கக் கம்பெனி ஒன்றுக்கு திருத்துறைப்பூண்டியில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். கூட வேலை பார்க்கிறவர்கள் ஃபேன்டசி பேஸ்பால் லீகில் (நிஜ ஆட்டக்காரர்களை வைத்துக் கற்பனை அணி அமைத்து, அவர்கள் நிஜ ஆட்டத்தில் எடுப்பதைக் கணக்கிட்டுப் போட்டியிடுவது) என்னையும் சேர்த்துவிட்டார்கள், பணம் எதுவும் கட்டவில்லை. 12 அணி, ஸ்னேக் டிராஃப்ட் (முறைவைத்து ஆட்டக்காரர்களை எடுப்பது, சுற்றுக்குச் சுற்று வரிசை திரும்பும்), ரோட்டிசெரி கணக்கு (பிரிவு பிரிவாக அணிகளை வரிசைப்படுத்திப் புள்ளி தருவது). எனக்கு விழுந்தது 12ஆவது இடம், கடைமடை மாதிரி. நல்லவர்கள் எல்லாம் போய்விடுவார்களே? முதலில் ஒரு பெரிய பிட்சரை (பந்து எறிபவரை) பிடித்துவிடவா? டிராஃப்ட் மார்ச் கடைசியில், நியூயார்க் நேரம் இரவு 8 மணிக்கு.
— வாசகர், திருத்துறைப்பூண்டி

பதில்: கவலையே வேண்டாம். ஸ்னேக்கில் இரண்டாம் சுற்று கடைசியிலிருந்து திரும்பி வரும், அதனால் 12, 13 இரண்டுமே உங்களுக்குத்தான். சிக்கல் அதற்கு அப்புறம்தான். அடுத்து உங்கள் முறை 36, 37. அதற்குள் 22 பேர் போய்விடுவார்கள். "இவர் நம்ம முறை வரும்வரை இருப்பார்" என்று யாரையும் விட்டுவைக்காதீர்கள். வேண்டியவரை ஒரு சுற்று முன்னாடியே எடுத்துவிடுங்கள்.

முதல் இரண்டில் பிட்சர் வேண்டாம் என்பதுதான் என் கருத்து. நல்ல பேட்டர் ஒருவர் சராசரி, ஹோம் ரன், ரன், ஆர்பிஐ (அவர் அடித்ததால் வரும் ரன்), ஸ்டீல் (பந்து அடிபடாமலேயே அடுத்த பேஸுக்கு ஓடிப் பிடிப்பது) என்று ஐந்து பிரிவிலும் கிட்டத்தட்ட தினமும் சேர்ப்பார். ஆட்டத்தைத் தொடங்கி வைக்கும் ஸ்டார்ட்டிங் பிட்சர் ஐந்தாறு நாளுக்கு ஒரு தடவைதான் இறங்குவார், சேவ் (கடைசியில் இறங்கி முன்னிலையைக் காப்பது) பிரிவில் அவரால் பலனே இல்லை. போதாததற்கு முழங்கைக் காயம் வேறு. பிட்சர் ஸ்பென்சர் ஸ்ட்ரைடர் 2023இல் 281 ஸ்ட்ரைக்அவுட் (பேட்டரைப் பந்தாலேயே அவுட்டாக்குவது) எடுத்தவர்; 2024இல் இரண்டே ஆட்டம், அப்புறம் அறுவை சிகிச்சை, சீசன் முடிந்தது. பேட்டருக்கும் அடிபடும்தான், ரொனால்ட் அகூன்யாவுக்கு அதே வருஷம் முழங்கால் போனது, ஆனாலும் பிட்சரின் கை அளவுக்கு நம்ப முடியாதது வேறில்லை. 36, 37 வரும்போது ஒரு பிட்சரை எடுங்கள், போதும்.

ரோட்டிசெரியில் ஒவ்வொரு பிரிவிலும் முதலிடத்துக்கு 12 புள்ளி, கடைசிக்கு 1. ஹோம் ரன்னில் 50 அதிகம் வைத்து முதலில் வந்தாலும் 12தான், ஒன்றே ஒன்று அதிகம் வைத்து வந்தாலும் 12தான். அதனால் ஏதாவது ஒரு பிரிவில் குவிக்கிற ஆசையை விட்டுவிட்டு, எது குறைகிறது என்று ஒவ்வொரு சுற்றிலும் பாருங்கள். ஸ்டீலுக்காக, அடிக்கத் தெரியாத ஓட்டக்காரரைச் சீக்கிரம் எடுப்பதும் தேவையில்லை. 2023இல் பேஸ் (ரன்னர் தொட வேண்டிய சதுரம்) 15 அங்குலத்திலிருந்து 18 ஆனது, ரன்னரை அவுட்டாக்க பிட்சர் பேஸுக்கு எறிவதற்கும் வரம்பு வந்தது. நிஜ மேஜர் லீகின் மொத்த ஸ்டீல் ஒரே வருஷத்தில் 2,486இலிருந்து 3,503 ஆகிவிட்டது. இப்போது பலரும் ஓடுகிறார்கள்.

இன்னொன்று. அந்த இரவு 8 மணி நமக்கு விடிகாலை ஐந்தரை. உங்கள் முறை வந்தால் ஒன்று ஒன்றரை நிமிஷம்தான் கிடைக்கும், அந்த நேரம் பார்த்து கரண்ட் போனால் சைட் அதன் பட்டியல்படி யாரையாவது எடுத்து வைத்துவிடும். முந்தின இரவே ஒரு நாற்பது பேரை உங்கள் வரிசைப்படி க்யூவில் போட்டுவிட்டுப் படுங்கள்.

கேள்வி: ஃபேன்டசி டிராஃப்டில் க்ளோஸர்களை (கடைசி இன்னிங்ஸில் இறங்கி சேவ் எடுக்கும் பிட்சர்களை) எப்போது எடுப்பது?
— வாசகி, பாபநாசம்

பதில்: பாதி டிராஃப்ட் தாண்டி இரண்டு பேர். சேவ் என்பது பேட்டிங், பிட்சிங் சேர்த்துப் பத்தில் ஒரு பிரிவுதான், க்ளோஸர் வேலை சீசன் நடுவிலேயே கைமாறும். புதிதாக அந்த வேலைக்கு வருகிறவரை வேய்வரில் (எந்த அணியிலும் இல்லாதவர்கள் பட்டியலில்) முதல் ஆளாக எடுத்துவிடுங்கள்.