பூட்டிய டிராயரைப் பூட்டியபடியே பெயிண்ட் அடிக்கலாமா?

கேள்வி: மாமனார் காலமான பிறகு, இரண்டு வருடமாக அத்தை எங்களோடு இருக்கிறார். வரும்போது தன்னுடைய தேக்கு பீரோவையும் கொண்டுவந்தார். மேலே இரண்டு கதவு, கீழே மூன்று டிராயர். கருத்துப்போய், எங்கள் வெளிர் நிற ஹாலில் கொஞ்சமும் ஒட்டாமல் நிற்கிறது. பழசாகிப் புழங்கியது போலத் தெரிகிற ஷாபி சிக் பாணியில் வெள்ளை அடித்து, ஓரங்களைத் தேய்த்துவிட்டால் அழகாக இருக்கும் என்று தோன்றுகிறது. வருகிற வெள்ளிக்கிழமை அத்தை பத்து நாள் நாத்தனார் வீட்டுக்குப் போகிறார். அதற்குள் முடித்து சர்ப்ரைஸ் கொடுக்க ஆசை. கணவர் 'உன் இஷ்டம்' என்கிறார். பழைய பாலிஷை முழுக்க எடுத்த பிறகுதான் அடிக்க வேண்டுமா? மேலே மெழுகு பூசுவதா, வார்னிஷா? மேல் டிராயர் பூட்டியிருக்கிறது, சாவி அத்தையிடம், அதனால் அதை மூடியபடியே அடித்துவிடலாம் என்றிருக்கிறேன். கீழ் டிராயர் வேறு மழைக்காலத்தில் சிக்கிக்கொள்கிறது. வழி சொல்லுங்கள்.

பதில்: மெழுகா வார்னிஷா என்பதை அப்புறம் பார்க்கலாம். முதலில் அந்த மேல் டிராயர்.

பாலிஷைப் பற்றியும் ஹாலின் நிறத்தைப் பற்றியும் அவ்வளவு எழுதிவிட்டு, சாவி அத்தையிடம் இருக்கிறது, மூடியபடியே அடித்துவிடலாம் என்று ஒரே வரியில் தாண்டிப் போயிருக்கிறீர்கள். எனக்கு உங்கள் கடிதத்தில் வேறு எதுவும் கண்ணில் நிற்கவில்லை. தான் குடும்பம் நடத்திய வீட்டை விட்டு, கணவரையும் இழந்து, மகன் வீட்டுக்கு வந்த ஒரு பெண். அங்கே சமையலறை உங்களுடையது, ஹால் உங்களுடையது, எந்த ஜன்னலுக்கு எந்தத் திரை என்பதும் நீங்கள் முடிவு செய்தது. அதில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன், உங்கள் வீடு அது. ஆனால் அந்த வீட்டில் அவர் பூட்டித் திறக்கிற இடம் எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். அந்த டிராயர் ஒன்றுதான் என்றால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். பூட்டி வைத்து சாவியையும் கையோடு வைத்திருக்கிறார் என்றால் அந்த பீரோ இன்னும் அவருடைய புழக்கத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். உங்கள் கண்ணுக்கு அது ஹாலில் நிற்கிற பழைய மரச்சாமானாகத் தெரிகிறது.

வேலை என்று பார்த்தாலும் நீங்கள் நினைத்திருப்பது தப்பு. மூடிய டிராயருக்கும் சட்டத்துக்கும் நடுவே இருக்கிற மெல்லிய இடைவெளியில் பெயிண்ட் இறங்கி, காய்ந்து, இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். சாவித் துளையிலும் கொஞ்சம் போகும். பத்து நாள் கழித்து வந்து அவர் சாவியைப் போட்டுத் திருகி, திறக்கவில்லையே என்று வலுவாக இழுப்பார், ஓரமெல்லாம் பொரிந்துகொண்டு வரும். உள்ளே பழைய பழுப்பு நிறம், வெளியே வெள்ளை. நீங்கள் கொடுக்கப் போகிற சர்ப்ரைஸில் அவர் கை முதலில் போகிற இடம் அந்த டிராயர்தான். அதை நீங்கள் யோசிக்கவே இல்லை.

சர்ப்ரைஸ் என்ற சொல்லையும் விட்டுவிடுங்கள். அவருக்குப் பிடிக்கும் என்று உங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தால் வெள்ளிக்கிழமைக்காகக் காத்திருக்க மாட்டீர்கள். பெயிண்ட் டப்பாவை அவர் முன்னாலேயே திறந்திருப்பீர்கள். கேட்டால் வேண்டாம் என்பார் என்று மனதுக்குள் தெரிகிறது, அதனால்தான் அவர் ஊருக்குப் போகிற நாளைப் பார்க்கிறீர்கள். உயிரோடு, நடமாட்டத்தோடு, அதே வீட்டில் இருக்கிற பெரியவரின் பொருளில் அவரைக் கேட்காமல் கை வைப்பது தப்பு. எவ்வளவு நல்ல எண்ணத்தோடு செய்தாலும் தப்புதான்.

இப்படிக் கடிதங்கள் எனக்கு நிறைய வருகின்றன, பெரும்பாலும் அடித்து முடித்த பிறகு. அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது அவருடைய மேஜைக்கு அடித்தேன், அம்மா யாத்திரை போயிருந்தபோது பெட்டிக்கு அடித்தேன், இப்போது பேச மாட்டேன் என்கிறார், பெயிண்டை எடுக்க ஏதாவது வழி உண்டா என்று கேட்பார்கள். வழி பாதிதான் உண்டு. தேக்கு, துளைகள் பெரிதாக உள்ள மரம். பெயிண்ட் ஒருமுறை அந்தத் துளைகளில் இறங்கிவிட்டால் ரிமூவர் போட்டுச் சுரண்டினாலும் மேல்பரப்பில் இருப்பது வரும், ரேகைகளுக்குள் வெள்ளை வெள்ளையாகத் தங்கிவிடும். அதையும் எடுக்க வேண்டுமென்றால் மரத்தையே இழைக்க வேண்டும். இழைத்தால் பழைய நிறமும், இத்தனை வருடம் கை பட்டுப் பட்டு வந்த வழவழப்பும் சேர்ந்து போய்விடும். பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது வீடியோவில் சொல்லியிருந்தால் நம்பாதீர்கள்.

பெயிண்ட் அடிப்பதே பாவம் என்று சொல்கிற ஆள் இல்லை நான். ஷாபி சிக் எனக்குப் பிடித்த பாணிதான். ரேச்சல் ஆஷ்வெல் 1989-ல் கலிபோர்னியாவின் சாண்டா மோனிகாவில் அதே பெயரில் கடை திறந்தபோது அவர் தேடிப் போனது பழைய சாமான் சந்தைகளில் கேட்பாரற்றுக் கிடந்த மேஜைகளையும் அலமாரிகளையும். யாரோ கைவிட்டதை எடுத்து வந்து மறுபடியும் ஒரு வீட்டுக்குள் வைத்ததில்தான் அதன் அழகு. அவர் எடுத்த மேஜையின் சொந்தக்காரர் யாரென்று கேட்க அங்கே ஆள் இல்லை. உங்கள் பீரோவின் சொந்தக்காரர் உங்களோடு ஒரே வீட்டில் இருக்கிறார்.

அப்புறம் அந்த ஓரம் தேய்க்கிற வேலை. கை அதிகம் படுகிற இடங்களில், அதாவது கதவின் விளிம்பு, கைப்பிடியைச் சுற்றி, மூலைகள், இங்கெல்லாம் முதலில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிட்டு மேலே பெயிண்ட் அடிப்பார்கள். மெழுகு இருக்கிற இடத்தில் பெயிண்ட் பிடிக்காது. காய்ந்ததும் 220 நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் உரிந்து, நாற்பது வருடம் ஒரு குடும்பம் புழங்கிய மாதிரி இருக்கும். நீங்கள் அத்தையின் பீரோ பக்கத்தில் போய், கதவின் விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். அந்தத் தேய்மானம் அங்கே ஏற்கெனவே இருக்கும், நிஜமானது, அவர் கையால் வந்தது. அதை மூடிவிட்டு அதன் மேலேயே அதே மாதிரி ஒன்றைச் செய்யப் போகிறீர்கள் என்பதை நினைத்தால் எனக்கு மனசு கேட்கவில்லை.

உங்கள் கணவரிடமும் ஒரு வார்த்தை. 'உன் இஷ்டம்' என்று சொல்ல அது அவருடைய பீரோவும் இல்லை. அம்மாவிடம் பேச வேண்டியது மகன். பேசச் சங்கடப்பட்டு மனைவி தலையில் போட்டுவிட்டு, நாளைக்கு அம்மா வருத்தப்பட்டால் 'அவள்தான் செய்தாள்' என்று ஒதுங்கிக்கொள்கிற பிள்ளைகளை நிறையப் பார்த்துவிட்டேன். இந்தப் பக்கத்தை அவரிடம் படிக்கக் கொடுங்கள். இன்றைக்கே இரண்டு பேருமாக அத்தையிடம் உட்கார்ந்து, ஹாலுக்கு இருட்டாக இருக்கிறது அத்தை, என்ன செய்யலாம் என்று கேளுங்கள். அவர் தயங்கிச் சரி என்றால் அது சரி இல்லை. மகன் வீட்டில் இருக்கிற தாய் தயங்கித் தயங்கித்தான் எல்லாவற்றுக்கும் சரி என்பார், உங்களுக்கே தெரியும்.

மனமார ஒப்புக்கொண்டால் இப்படிச் செய்யுங்கள். டிராயர்களை அவரே திறந்து, அவரே காலி செய்யட்டும். கைப்பிடி, பூட்டின் தகடு எல்லாவற்றையும் கழற்றிப் பத்திரமாக வையுங்கள், அவற்றின் மேல் பெயிண்ட் அடிக்காதீர்கள். பாலிஷ் நன்றாகப் பிடித்திருந்தால் முழுக்க எடுக்கத் தேவையில்லை. டர்பன்டைன் தொட்ட துணியால் பழைய மெழுகையும் பிசுக்கையும் துடைத்துவிட்டு, 150 நம்பர் தாளால் பளபளப்பு போகும் அளவுக்கு மட்டும் தேய்த்தால் போதும். ஆனால் தேக்கின் மேல் நேராக வெள்ளை அடித்தால் மரத்திலிருக்கிற டானின் என்ற கறைப்பொருளும் எண்ணெயும் ஊறி வந்து மஞ்சளாகவும் பழுப்பாகவும் திட்டுத் திட்டாகத் தெரியும். அதற்கு மேல் எத்தனை கோட் அடித்தாலும் மறையாது. ஷெல்லாக், அதாவது அரக்கு கலந்த பிரைமரை (அடிப்பூச்சை) முதலில் இரண்டு கோட் அடித்தால்தான் அது நிற்கும். பளபளப்பில்லாமல் சாக்பீஸ் மாதிரி காய்கிற சாக் பெயிண்டுக்குத் தேய்க்கவே வேண்டாம் என்பார்கள், ஒட்டுவதைப் பொறுத்தவரை பெரும்பாலும் உண்மைதான், கறை ஊறுவதை அது தடுக்காது. மேல் பூச்சுக்கு, கதவுகளுக்கு மெழுகு அழகு. நன்றாக இறுகச் சில வாரம் ஆகும். மேல் பலகையில் தண்ணீரோ சூடான பாத்திரமோ வைக்கிற வழக்கம் இருந்தால் அங்கே மட்டும் மஞ்சளாகாத, தண்ணீரில் கலக்கிற வார்னிஷ். டிராயரின் பக்கப் பலகைகளிலும் அது ஓடுகிற தண்டிலும் ஒரு சொட்டுகூடப் படக்கூடாது. பெயிண்டின் கனத்தில் டிராயர் இறுகிவிடும். பாலிஷுக்கு அடியில் எப்போதோ அடித்த பழைய பெயிண்ட் தென்பட்டால் அதைக் காய்ந்த தாளால் தேய்க்க வேண்டாம், அந்தக் காலத்துப் பெயிண்டுகளில் ஈயம் இருக்கலாம். அந்தத் தூசி, முக்கியமாகக் குழந்தைகளுக்கு, ஆபத்து.

அவர் வேண்டாம் என்றால் அத்தோடு விட்டுவிடுங்கள், முகம் தூக்கிக்கொள்ளாதீர்கள். கருத்துப்போயிருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதில் பாதி அழுக்காகத்தான் இருக்கும். பின்பக்கம் யாரும் பார்க்காத ஓர் இடத்தில் டர்பன்டைன் துணியால் துடைத்துப் பாருங்கள், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, பக்கத்தில் அடுப்பு, விளக்கு எதுவும் இல்லாமல். துணி கறுப்பாக வந்தால் அடியில் நீங்கள் நினைத்ததைவிட வெளிறிய மரம் இருக்கிறது. ஸ்பிரிட் தொட்ட பஞ்சை வைத்தால் பாலிஷ் பிசுபிசுப்பாக இளகுகிறதா? அப்படியானால் அது அரக்கு பாலிஷ், பழகிய ஆசாரி ஒருவர் அதன் மேலேயே புதிதாகப் போட்டுக் கொடுப்பார். அதற்கும் மேல் ஹாலில் வைக்க இஷ்டமில்லை என்றால் பீரோவை அத்தையின் அறைக்கு மாற்றுங்கள், அவரைக் கேட்டுவிட்டு. உங்களுக்கு வெள்ளை அடித்தே தீர வேண்டும் என்ற ஆசைக்குச் சொந்தக்காரர் இல்லாத ஒரு பழைய மேஜையை வாங்கிக்கொள்ளுங்கள். நாலு தவறு செய்து கற்றுக்கொள்ளவும் அதுதான் நல்லது.

கீழ் டிராயர் சிக்குகிறது என்றீர்கள். மழைக்காலத்தில் மரம் ஈரம் வாங்கி உப்புகிறது, வேறொன்றும் இல்லை. டிராயரை வெளியே எடுத்து, அடிவிளிம்பிலும் அது ஓடுகிற தண்டிலும் மெழுகுவர்த்தியை அழுத்தித் தேய்த்துவிட்டுப் போட்டால் வழுக்கிக்கொண்டு போகும். பத்து நிமிட வேலை. அதை வெள்ளிக்கிழமைக்கு முன்னாலேயே செய்யுங்கள், அவர் பக்கத்தில் இருக்கும்போது. மேல் டிராயருக்கும் தேய்த்துக் கொடுக்கட்டுமா அத்தை என்று கேளுங்கள், திறப்பதா வேண்டாமா என்று அவர் சொல்லட்டும்.