மேற்குப் போர்முனையைக் காரில் சுற்றிப் பார்க்க: கேள்வி பதில்

பெல்ஜியத்தின் ஈப்ரே நகரிலிருந்து பிரான்ஸின் சோம் ஆற்றுப் பகுதி வரை, முதல் உலகப் போர் நடந்த நிலத்தைக் காரில் சென்று காண விரும்பும் உறுப்பினர்களின் கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: ஐந்து நாள் விடுப்பில் ஈப்ரே, சோம், வெர்தன், நார்மண்டி ஆகிய நான்கையும் பார்த்துவிட முடியுமா?

பதில்: போய் வரலாம், பார்க்க முடியாது. முதல் உலகப் போரின் இன்னொரு பெரிய போர்க்களமான வெர்தன் கிழக்கே வெகுதூரம் தள்ளி இருக்கிறது. நார்மண்டியோ இரண்டாம் உலகப் போரில், 1944 ஜூன் 6 அன்று நேச நாட்டுப் படைகள் தரையிறங்கிய இடம். அந்தக் கடற்கரைகள் மட்டுமே ஏறக்குறைய 80 கிலோமீட்டர் நீளம் என்பதால் அதற்குத் தனிப் பயணம் வேண்டும். ஈப்ரேயில் இரண்டு இரவும் ஆல்பெர் அல்லது ஆராஸ் நகரில் இரண்டு இரவும் தங்கினால் போதும். ஈப்ரேயிலிருந்து ஆல்பெருக்குச் சுமார் ஒன்றரை மணி நேரம்தான் ஆகும்.

கேள்வி: இந்தியப் படைவீரர்களின் நினைவிடம் எங்கே இருக்கிறது? ஒரு வீரரின் பெயரை அங்கே எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: மேற்சொன்ன வழியிலேயே, பிரான்ஸின் லீல் நகருக்கு மேற்கில், நெவ் ஷாப்பெல் என்ற சிற்றூருக்கு வெளியே ஒரு சாலைச் சந்திப்பில் இருக்கிறது. 1915 மார்ச் 10 முதல் 13 வரை அங்கு நடந்த தாக்குதலில் இறங்கிய படையில் பாதிப்பேர் இந்தியர்கள். ஹெர்பர்ட் பேக்கர் வடிவமைத்து 1927-இல் திறக்கப்பட்ட வட்டமான அந்த நினைவிடத்தில், மேற்குப் போர்முனையில் இறந்து, கல்லறை எங்கே என்று தெரியாமல் போன 4,700-க்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள், தொழிலாளர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. தாமரை தாங்கிய ஒரு தூணும், அதன் இருபுறமும் கல்லில் செதுக்கிய இரண்டு புலிகளும் சாலையிலிருந்தே தெரியும்.

புறப்படும் முன்பே காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் இணையதளத்தில் பெயரையோ படைப்பிரிவையோ கொடுத்துத் தேடுங்கள். நினைவிடமானால் எந்தப் பலகை என்பதும், கல்லறையானால் மனை எண், வரிசை எழுத்து, கல்லறை எண் ஆகியவையும் கிடைக்கும். அந்தக் காலத்து எழுத்தர்கள் நம் பெயர்களைக் காதில் விழுந்தபடி எழுதியிருப்பதால், ஒரே பெயரை நான்கைந்து எழுத்துக்கூட்டல்களில் தேடிப் பார்ப்பது அவசியம். பல கல்லறைத் தோட்டங்களின் நுழைவுச் சுவரில் சிறிய வெண்கலக் கதவு ஒன்று இருக்கும். அதைத் திறந்தால் உள்ளே பெயர்ப் பதிவேடும் தோட்டத்தின் வரைபடமும் வருகையாளர் ஏடும் இருக்கும். பொதுவாக அதற்குப் பூட்டு இருக்காது, யாரும் எடுத்துப் பார்க்கலாம். பத்து இடங்களை ஓடி ஓடிப் பார்ப்பதைவிட, ஒரே ஒரு படைப்பிரிவைத் தேர்ந்துகொண்டு அது நடந்த வழியில் செல்வதே இந்தப் பயணத்துக்கு உயிர் கொடுக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

கேள்வி: மெனின் வாயில் நிகழ்ச்சிக்குச் சீட்டு வாங்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். ஈப்ரேயில் உள்ள இந்தப் போர் நினைவு வாயிலில் தினமும் இரவு 8 மணிக்கு எக்காளம் ஊதி அஞ்சலி செலுத்துகிறார்கள். 1928-இல் தொடங்கிய இந்த வழக்கம் இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் ஆக்கிரமித்திருந்த ஆண்டுகளில் அங்கே நின்றிருந்தது. ஏழரைக்கே சென்று நின்றால் நன்றாகத் தெரியும். முடிவில் கைதட்டாதீர்கள்.

கேள்வி: வயலோரத்தில் துருப்பிடித்த குண்டு கிடந்தால் என்ன செய்வது?

பதில்: தொடவே தொடாதீர்கள், காலால் தள்ளிப் பார்க்கவும் வேண்டாம். இன்றும் ஏர் உழும்போது வெடிக்காத குண்டுகள் மேலே வருகின்றன. விவசாயிகள் அவற்றைச் சாலையோரம் எடுத்து வைத்துவிட்டு, அகற்றும் பிரிவினருக்குத் தகவல் கொடுக்கிறார்கள். சில குண்டுகளுக்குள் நச்சு வாயு இன்னமும் இருக்கிறது. நினைவுப் பொருளாக ஒரு துண்டைக்கூட எடுத்து வராதீர்கள். பிரான்ஸில் அனுமதியின்றி உலோகம் தேடும் கருவியுடன் இத்தகைய பொருட்களைத் தேடுவதும் சட்டவிரோதம்.

கேள்வி: பத்து வயது மகனை அழைத்துச் செல்லலாமா?

பதில்: தாராளமாக. ஆனால் பெயர்ச் சுவர்களிலிருந்து தொடங்காதீர்கள். சோம் பகுதியின் தியப்வால் நினைவிடத்தில் உள்ள 72,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் அந்த வயதுக்கு வெறும் எண்ணாகவே தோன்றும். முதலில் அதே பகுதியில் உள்ள பொமோன் ஹமேல் போர்க்களத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். அங்கே பதுங்கு குழிகள் புல் மூடிய நிலையில் அப்படியே இருக்கின்றன. 1916 ஜூலை 1 காலையில் நியூஃபவுண்ட்லாந்து (இன்று கனடாவின் பகுதி) படைப்பிரிவைச் சேர்ந்த ஏறக்குறைய 800 பேர் தாக்குதலுக்காக அந்தச் சரிவில் இறங்கினார்கள். மறுநாள் பெயர் அழைத்தபோது பதில் சொன்னவர்கள் 68 பேர். அவர்கள் கடக்க வேண்டியிருந்த தூரத்தை மகனையே பார்க்கச் சொல்லுங்கள். ஆராஸ் அருகிலுள்ள விமி குன்றுப் போர்க்களத்தில், வெடிகுண்டு அபாயத்தால் புல்வெட்டும் இயந்திரத்தை இறக்க முடியாத இடங்களில் ஆடுகளை மேயவிட்டிருப்பதையும் காட்டுங்கள்; வேலிக்கு உள்ளே எவரும் போகக் கூடாது.

கேள்வி: எந்த மாதம் நல்லது? சாலைகள் எப்படி?

பதில்: ஏப்ரல் இறுதி முதல் ஜூன் வரை நல்லது. போர் நின்ற நாளான நவம்பர் 11-ஐ ஒட்டி ஈப்ரேயில் அறை கிடைப்பது கடினம். வண்டிகள் சாலையின் வலப்புறம் செல்லும்; வாடகைக் காரில் தானியங்கி கியர் வேண்டுமானால் முன்பே கேட்டு வாங்குங்கள். பிரான்ஸின் சிற்றூர்களில், அறிவிப்பு எதுவும் இல்லாத சந்திப்பில், வலப்பக்கத்திலிருந்து வரும் வண்டிக்கே முன்னுரிமை என்பதை மறந்தால் விபத்தில் முடியும். இலையுதிர் காலத்தில் சர்க்கரைக் கிழங்கு அறுவடையின்போது டிராக்டர்கள் இழுத்து வரும் சேறு சோம் பகுதியின் குறுகிய சாலைகளை வழுக்கலாக்கிவிடுவதால், அக்டோபரில் செல்பவர்கள் இருட்டுவதற்குள் தங்குமிடம் சேரும்படி திட்டமிடுங்கள்.