நிலத்தை விற்காதீர்கள், மகள் சட்டம் படிக்கட்டும்

போன வாரம் ஆத்தூரிலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. பெண் பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண். மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்க்க அரை ஏக்கரை விற்பதாகப் பேச்சு. அவளோ சட்டம் படிக்கிறேன் என்கிறாள். "வக்கீலுக்குப் படிச்சா யாரு கட்டிக்குவாங்க?" என்று பெரியப்பா கேட்டதிலிருந்து வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை என்றார் அம்மா.

ஆறுதலாகத்தான் பேச ஆரம்பித்தேன். அதற்குள் பெண் ஒரு நோட்டை எடுத்து நீட்டினாள். அவர்கள் தெரு வக்கீல் ஞாயிறு காலையில் திண்ணையில் உட்கார்ந்து காசு வாங்காமல் மனு எழுதித் தருகிறார். இரண்டு வருடமாக இவள்தான் கூட எழுதுகிறாள். முதியோர் உதவித்தொகை, வாரிசுச் சான்றிதழ், பட்டா மாறுதல். ஒரு பாட்டிக்கு ஆதாரில் பாப்பாத்தி, ரேஷன் கார்டில் பாப்பாயி. எதை முதலில் திருத்துவது என்று ஓரத்தில் குறித்திருக்கிறாள். தெருவிளக்கு பற்றி ரூ.10 கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பிய தகவல் உரிமை மனுவும், 30 நாளில் பதில் வராததால் போட்ட மேல்முறையீடும் அதில் இருந்தன.

ஐயா, இந்தப் பெண்ணைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைக்க நிலத்தை விற்பது தவறு. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

வக்கீல் என்றதும் நம் ஆட்களுக்கு ஹைகோர்ட்தான் ஞாபகம் வருகிறது. சேலத்தில் வக்கீலாக இருந்த ராஜாஜி 1917-இல் அந்த ஊர் நகராட்சித் தலைவரானார். அவருக்கு முன்பே 1882-இல் சேலம் விஜயராகவாச்சாரியார் என்ற வக்கீல் நகராட்சி உறுப்பினர். சொந்த ஊரில் தொழில், அந்த ஊர்க் காரியத்திலும் பங்கு என்ற வழி நம் மாவட்டத்துக்குப் புதிதல்ல.

இன்று அந்த வழிக்கு ஒரு கதவு சட்டப் பணிகள் ஆணைக்குழு. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் எல்லாருக்கும் வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் தர வேண்டும் என்கிறது 1987-ஆம் ஆண்டுச் சட்டம். அப்படி ஆஜராகும் வக்கீலுக்கு ஆணைக்குழு பணம் தரும். கட்சிக்காரரிடம் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. ஆணைக்குழுவின் வக்கீல் பட்டியலில் சேர மூன்று வருட அனுபவம் வேண்டும். ஆனால் சட்டம் படிக்கும்போதே சட்டத் தன்னார்வலராகச் சேரலாம். உங்கள் மகள் திண்ணையில் செய்வதும் கிட்டத்தட்ட அந்த வேலைதான்.

அப்புறம் லோக் அதாலத், அதாவது சமரசம் பேசி வழக்கை முடிக்கும் மக்கள் நீதிமன்றம். விபத்து இழப்பீடு, செக் கேஸ், பாகப்பிரிவினை என்று வருடக்கணக்கில் இழுத்தவை இரு தரப்பும் சம்மதித்தால் அன்றே முடியும். கட்டிய கோர்ட் ஃபீ திரும்பக் கிடைக்கும், அப்பீல் கிடையாது. நஷ்டஈட்டை நம்பி உட்கார்ந்திருக்கும் குடும்பத்துக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி!

இனி செலவு. பிளஸ் டூ மதிப்பெண்ணிலேயே ஐந்து வருடப் படிப்புக்கு அரசு சட்டக் கல்லூரியில் விண்ணப்பிக்கலாம். சேலத்திலேயே ஒன்று இருக்கிறது. ஃபீஸ் உங்களை அசைக்காது. படித்து முடித்து வக்கீலாகப் பார் கவுன்சிலில் பதிவு செய்யும் கட்டணம் பொதுப்பிரிவுக்கு ரூ.750-க்கு மேல் வாங்கக் கூடாது என்று 2024-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கஷ்டம் அதற்குப் பிறகுதான். சென்னை, மதுரை, கோவை தவிர்த்த ஊர்களில் ஜூனியருக்கு மாதம் ரூ.15,000 தர வேண்டும் என்று அதே வருடம் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. எல்லா சீனியரும் தருவார்கள் என்று நம்பிக் கணக்குப் போடாதீர்கள். முதல் மூன்று வருடம் பஸ் காசும் புத்தகக் காசும் உங்கள் கையிலிருந்துதான் போகும். அதற்கு அந்த நிலம் கையில் இருக்கட்டும். வருகிற குத்தகையே பெரும்பகுதியைத் தாங்கும்.

சேவை செய்கிறேன் என்று அவள் கட்சிக்காரரிடம் ஃபீஸே வாங்காமல் இருந்தாலும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தெரு வக்கீல் ஞாயிறு இலவசமாக எழுதுகிறார் என்றால், மற்ற ஆறு நாளும் ஒழுங்காக ஃபீஸ் வாங்குகிறார். அதையும் அவரிடமே கற்றுக்கொள்ளட்டும்.

அடுத்த லோக் அதாலத் எப்போது என்று விசாரித்து, காலை பத்து மணிக்கு கோர்ட்டுக்குப் போய் மூன்று பேரும் சாயங்காலம் வரை உட்கார்ந்து பாருங்கள். முடிந்தால் பெரியப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.